கிரகணத்தில் அறுத்த புடவை

எங்கள் தெருவில் அறுப்பு என்றால் ஒன்றுதான். தறியில் புடவை நெய்து முடிந்ததும் பாவு நூலிலிருந்து அதை வெட்டி எடுப்பது. "அறுப்பு எப்போ?" என்று ஆரணி நெசவாளி ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் வயலைப் பார்க்க மாட்டார், தறியைத்தான் பார்ப்பார். இது தெரியாத ஒரு மனிதர் எங்களுக்கு உலகத்தின் முடிவைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அதனால் என் வயிற்றில் விழுந்த பயத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

எண்பதாம் வருஷம், மாசி பிறந்திருந்த நேரம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முதல் பிள்ளை வயிற்றில், ஐந்தாம் மாதம். மாமியார் அந்நியம் இல்லை, என் அப்பாவின் அக்காதான். அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். அவர் காய்ச்சலில் கிடந்தபோது கோயில் கோயிலாகச் சுற்றியிருக்கிறாள். கடைசியில் கூப்பிடாமலே வந்து பாயருகில் உட்கார்ந்து ஜெபித்தவர்கள் எங்கள் தெருக்கோடி ஜெபக்கூடத்துக்காரர்கள்தான். அவர் பிழைக்கவில்லை. ஆனால் அத்தை அந்த ஜெபத்தை விடவில்லை. மகனோடு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். பிறகு அந்த மகனுக்கு என்னைக் கேட்டபோது, நானும் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்றாள். அக்கா பேச்சை அப்பா தட்டமாட்டார். அம்மாதான் சேவூரில் எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அன்று முழுக்க அழுதாள்.

தண்ணீரில் முங்கி எழுந்தேன். ஆனால் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்த பயங்கள் எதுவும் தண்ணீரோடு போகவில்லை. அதற்கு மேல் புதுப் பயங்களும் வந்து சேர்ந்தன. முந்தின வருஷம் அமெரிக்காக்காரன் விட்ட ஆகாயக் கூடு ஒன்று தலையில் விழப்போகிறது என்று ஊரே நடுங்கியது. அப்போதே அத்தை, "வானத்துலேர்ந்து நட்சத்திரம் விழும்னு எழுதிக் கீதே, அதான் இது" என்று என்னை முழங்கால் போட வைத்தாள். அது எங்கோ கண்காணாத தேசத்தில் விழுந்து தொலைந்தது. "அப்பாடா" என்று மூச்சு விடுவதற்குள் கிரகணம் வந்துவிட்டது.

எங்கள் ஜெபக்கூடத்துக்கு ஞாயிறுதோறும் பஸ்ஸில் வந்து போகும் ஊழியக்காரர் ஒருவர் இருந்தார். ஐயா என்போம். நெல் விளையும் ஊர்க்காரர், நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். குரல் மட்டும் இடி. கிரகணத்துக்கு முந்தின ஞாயிறு அவர் வேதத்தைத் திறந்தார். வருகிற சனிக்கிழமை பட்டப்பகலில் சூரியன் மறையும் என்று ரேடியோவில் சொல்கிறார்கள், ஆண்டவர் எப்போதோ சொல்லிவிட்டார் என்று ஆரம்பித்தார். சூரியன் கறுக்கும், சந்திரன் ஒளி தராது, வானத்தின் பலங்கள் அசையும் என்று சொல்லிக்கொண்டே போனவர், அதே அதிகாரத்தில் சற்று மேலே இருந்த இன்னொரு வரிக்கு வந்தார். அந்த நாட்களில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஐயோ. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் கூடத்திலிருந்த அத்தனை பெண்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்த வார்த்தை வந்தது. "அறுப்பு நெருங்கிவிட்டது! அறுப்பு என்றால் என்ன? உலகத்தின் முடிவு! உன் அறுப்புக்கு நீ ஆயத்தமா?" என்று மேசையைத் தட்டிக் கேட்டார். கூடத்தில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தறி வீட்டுக்காரர்கள். எல்லோரும் "ஆமென்" என்றார்கள். யாருக்கு எது புரிந்ததோ, என் அத்தைக்குப் புரிந்தது வேறு.

வீட்டுக்கு வந்தவள் மாற்றுப்புடவைகூட உடுத்தாமல் நேராகத் தறியின் முன்னால் போய் நின்றாள். அரக்கு நிறத்தில் முகூர்த்தப் புடவை ஒன்று பாதியில் நின்றது. அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மகனைக் கூப்பிட்டாள்.

"டேய், சனிக்கெழம கெரகணத்துக்குள்ள இத்த அறுத்துடணும்."

"எம்மா, இன்னா வெளயாடறியா? பாதிக்கு மேல கீது."

"ஆண்டவரு வரப்போ தறியில அரப்பொடவய வெச்சிகினு நின்னா இன்னாடா பதில் சொல்லுவ? அறுப்புக்கு ஆயத்தமான்னு கேட்டாரா இல்லியா ஐயா? ஜல்தி நெய்யி."

என் வீட்டுக்காரருக்கு அம்மா பேச்சு வேதவாக்கு. அந்த வாரம் முழுக்க மனிதர் தறிக் குழியை விட்டு ஏறவில்லை. நான் நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். சுற்றச் சுற்ற என் பயமும் ஏறிக்கொண்டே போனது. ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நெய்தவன் தன் கையால் புடவையை அறுக்க மாட்டான். வீட்டுச் சுமங்கலிதான் அறுக்க வேண்டும். அத்தை தாலியிழந்த அன்றே கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். நான் அந்த வீட்டில் காலடி வைத்ததும் கத்தி என் கைக்கு வந்துவிட்டது.

கிரகணத்தின்போது பிள்ளைத்தாய்ச்சி எதையும் அறுக்கக் கூடாது. காய் நறுக்கக் கூடாது, நகம் வெட்டக் கூடாது, ஒரு வெற்றிலையைக் கிள்ளக்கூடக் கூடாது. அறுத்தால் பிள்ளையின் மேலுதடு பிளந்து பிறக்கும். கிரகணமூளி என்பார்கள். இந்தப் பக்கத்தில் இதை அறியாத பெண் கிடையாது. இந்த நம்பிக்கையெல்லாம் விட்டவள் என்று சொல்லிக்கொண்ட அத்தைக்கும் தெரியும். நெய்து முடிக்கும் நேரம் கிரகண நேரத்தில் விழுந்துவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டேன். யாரிடம் வேண்டினேன் என்று கேட்காதீர்கள். இரண்டு பக்கமும்தான்.

சனிக்கிழமை காலையிலேயே அம்மா சேவூரிலிருந்து நடந்து வந்துவிட்டாள். மடியில் அருகம்புல், வேப்பிலை. வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்தாள்.

"கௌம்புடி. கெரகணம் வுடற வரிக்கும் நம்ம வூட்ல கதவ சாத்திகினு படுத்துக்கோ."

அத்தை உள்ளிருந்து வந்தாள். "எங்க இட்டுகினு போற?"

"அண்ணி, ஒங்க காலத் தொடறேன். வாயும் வயிறுமா கீற பொண்ணு. ஒரு வேள பொழுதுதான். பொழுது சாய நானே கொணாந்து வுட்டுடறேன்."

"ஏம்மா, ராகு கேதுவுக்குப் பயந்து என் மருமவ ஒளிஞ்சிகினா ஆண்டவரு மொகத்துல நான் எப்டி முழிப்பேன்? அவ கர்த்தருக்குப் பயந்தவ. கெரகணத்துக்குப் பயந்தவ இல்ல."

"அவ எதுக்குப் பயந்தவன்னு அவளயே கேளுங்க" என்றாள் அம்மா.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அன்றைக்கு நான்தான் மத்தளம். அம்மாவோடு போனால் ஆண்டவர் வந்து எல்லோரையும் அழைத்துக்கொண்டு போகும்போது என்னை மட்டும் சேவூரில் கதவுக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போய்விடுவாரே என்று பயம். போகாவிட்டால் பிள்ளை. நான் போய் நூல் சுற்ற உட்கார்ந்துகொண்டேன். அம்மா வேப்பிலையை என் முந்தானையில் செருகிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே போய்விட்டாள். கிரகணம் பிடிப்பதற்குள் அவளும் கூரைக்குள் போக வேண்டுமே. அவள் தலை மறைந்ததும் அத்தை அந்த வேப்பிலையை எடுத்து ஆட்டுக்குப் போட்டாள்.

மதியத்துக்கு மேல் தெரு செத்துவிட்டது. வேறெப்படிச் சொல்வது? கடைசி பஸ் போனபின் ஒரு சைக்கிள் மணிகூடக் கேட்கவில்லை. எங்கள் தெருவில் தறிச் சத்தம் நின்று நான் கேட்டதே இல்லை. அன்று எல்லாத் தறியும் நின்றது. எங்கள் தறி ஒன்றுதான் தடக் தடக் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டையே கேட்டுக்கொண்டிருப்பது போல எனக்குத் தோன்றியது. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அப்பாலிருந்து, "அடிப்பாவிங்களா, தறியை நிறுத்துங்களேன்" என்று கத்தினாள். அத்தை காதில் வாங்கவில்லை. வெள்ளைப் புடவை உடுத்திக்கொண்டு, ஆண்டவர் வந்தால் எதிர்கொண்டு போவதற்கென்று வாசற்கதவை ஆவென்று திறந்து வைத்திருந்தாள்.

வெளிச்சம் மெல்ல மாறியது. முழு இருட்டு இல்லை. அப்படி இருட்டியிருந்தாலாவது தேவலை. கண்ணில் ஏதோ கோளாறு வந்த மாதிரி ஒரு மங்கல் வெயில். சூடு இல்லை, நிழல் மட்டும் கூர்மையாக விழுந்தது. கோழிகள் கூண்டுக்குள் போய் அடைந்தன. ஓட்டு இடுக்கு வழியாகத் தினமும் வட்ட வட்டமாக விழும் வெயில், அன்று புடவையின் மேல் விழுந்ததைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கதிர் அரிவாளாக வளைந்திருந்தது. அந்த அரக்குப் பட்டு முழுக்கச் சின்னச் சின்ன அரிவாள். "ஐயோ, அங்க பாருங்க" என்று அலறினேன். என் வீட்டுக்காரர் பார்த்தார். கடைசி இழையை அடித்த அவர் கால் தறியின் மிதிகட்டையில் அப்படியே நின்றுவிட்டது.

"முடிஞ்சிதாடா?" என்றாள் அத்தை.

"முடிஞ்சிது."

அத்தை மாடத்திலிருந்து கத்தியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அத்த, கெரகணம் வுடட்டும். அப்பால அறுக்கறேன்."

"அவரு வந்த அப்பால அறுத்து இன்னா புண்ணியம்?"

"அப்போ நீங்களே அறுங்க."

"தாலியில்லாத கை முகூர்த்தப் பொடவ மேல படலாமாடி?"

எனக்கு வந்ததே கோபம்! ராகு இல்லை, கேது இல்லை, எல்லாம் பொய். ஆனால் தாலியில்லாத கை மட்டும் தோஷமா? வேண்டிய பயத்தை வைத்துக்கொண்டு வேண்டாததைத் தள்ளிவிட இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. என் வீட்டுக்காரர், "எம்மா, நானே அறுத்துடறேன்" என்று எழுந்தார். "நெய்ஞ்சவன் அறுத்தா நெசவு தங்காது, ஒக்காரு" என்று ஓர் அதட்டு. உட்கார்ந்துவிட்டார்.

வாசல் திறந்திருந்தது. எந்த நிமிஷமும் ஆண்டவர் வருகிற எக்காளம் ஊதலாம். ஊதும்போது நான் மாமியாரோடு கத்திக்குச் சண்டை போட்டுக்கொண்டு நின்றால்? கத்தியை வாங்கினேன். மேலுதட்டைப் பற்களுக்குள் இழுத்துக் கடித்துக்கொண்டேன், என் உதட்டை மறைத்தால் பிள்ளையின் உதடு தப்பும் என்பது போல. ஒரு கையால் பட்டுப் புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தியை ஓட்டினேன்.

பாதி அறுத்திருப்பேன். வயிற்றுக்குள் ஏதோ வெடுக்கென்று துள்ளியது. அதுவரை பிள்ளை அசைந்ததே இல்லை. முதல் அசைவு என்றால் பெண்கள் சிரிப்பார்கள், அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்வார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. கத்தி அதன் மேல் பட்டுவிட்டது என்று நிஜமாகவே நினைத்தேன். நிறுத்தினால் பாதி அறுத்தது, முடித்தால் முழுசும் அறுத்தது. கண்ணை மூடிக்கொண்டு முடித்தேன். புடவை மடியில் விழுந்தது.

பிறகு மூவரும் முழங்கால் போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. வெயில் மெல்ல மஞ்சளாகத் திரும்பியது. அரிவாள்கள் பருத்துப் பருத்து வட்டமாயின. தெருவில் கதவுகள் திறந்தன, பெண்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள், யாரோ இட்லிக்கு ஊறப்போட்டார்கள். அத்தை எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, "நமக்கு இன்னும் தவணை குடுத்துக் கீறாரு" என்று சொல்லி வாசற்கதவைச் சாத்தினாள்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் அத்தை அந்தப் புடவை விஷயத்தை ஐயாவிடம் பெருமையாகச் சொன்னாள். அறுப்புக்கு ஆயத்தமாக இருந்தோம், சரியாக அந்த வேளையிலேயே அறுத்துவிட்டோம் என்று. ஐயா முதலில் புரியாமல் விழித்தார். புரிந்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"அம்மா, நெல்லறுப்பும்மா அது! கதிர் அறுக்கறது! நல்லதையும் களையையும் பிரிக்கறதுக்குச் சொன்ன உவமை. புடவைக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்? அந்த நாள் எதுன்னு யாருக்கும் தெரியாதுன்னும் அதே வேதத்துல இருக்கே."

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "இதப் போன வாரம் சொல்றதுக்கு இன்னா ஐயா?" என்று கேட்டேவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. அத்தை என் முதுகில் ஒரு இடி இடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து என் வயிற்றை அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சோறு போட்டாள், வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், பார்வை மட்டும் வேறு பக்கம். சபையில் தன் மானத்தை வாங்கிவிட்டேன் என்று கறுவுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நானும் முறுக்கிக்கொண்டேன்.

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்த மாதங்கள் அவை. பிள்ளை உதைக்கும்போதெல்லாம் கத்தி ஞாபகம்தான். ஒருமுறை போளூர் பஸ்ஸில் எதிரில் ஒருத்தி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் அதன் முகத்தை மூடியே வைத்திருந்தாள். காற்றில் விலகியபோது பார்த்துவிட்டேன். மூக்கு வரைக்கும் உதடு பிளந்திருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். "கெரகணத்துல தெரியாம வெத்தல கிள்ளிட்டேங்க" என்றாள், நான் கேட்காமலே. வெற்றிலைக்கே இப்படியா என்று எனக்குக் கண் இருட்டியது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, வரப்போரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

குழந்தையின் உதடு மூன்றாம் மாதத்துக்குள்ளேயே கூடிவிடும், கத்திக்கும் கிரகணத்துக்கும் அதில் வேலையில்லை என்று பல வருஷம் கழித்து ஒரு நர்ஸம்மா எனக்குச் சொன்னார். பஸ்ஸில் பார்த்த அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது. இன்னொன்றும் பிற்பாடுதான் புரிந்தது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஐயோ என்ற வரியை நான் சாபமென்றே நினைத்திருந்தேன். ஒரு நாள் அதைத் தனியாக உட்கார்ந்து படித்தேன். ஓட வேண்டிய நேரத்தில் ஓட முடியாதவளைப் பார்த்து நம்முடைய தெருவில் என்ன சொல்வோம்? "ஐயோ, பாவம்" என்போமே, அந்த ஐயோ அது. உலகமே முடியப்போவதைப் பற்றிப் பேசும்போதும் ஆண்டவருக்கு வயிற்றுப்பிள்ளைக்காரி ஞாபகம் வந்திருக்கிறது. இப்போதும் கிரகணம் என்றால் எங்கள் சபையில் போன்களில் அடையாளம், அடையாளம் என்று செய்தி பறக்கிறது. நான் கர்ப்பமாயிருக்கிற பெண்களைக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறேன். வானத்தைப் பார்க்கச் சொன்னது பக்கத்திலிருப்பவளை மிரட்டுவதற்கல்ல என்பது என் கட்சி. ஆனால் இதெல்லாம் பின்னால் வந்த புத்தி. பிரசவம் நெருங்கிய அந்த ஆனி மாதத்தில் என்னிடம் இருந்தது பயம் ஒன்றுதான்.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வலி எடுத்ததும் ஆரணி ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். விடிந்து வெயில் ஏறிய பிறகு பிள்ளை பிறந்தது. அழுகைச் சத்தம் கேட்டது. நான் கண்ணைத் திறக்கவில்லை. அம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் கிடத்தினாள். "பாருடி" என்றாள். மாட்டேன் என்று தலையாட்டினேன். "ஒண்ணும் இல்லடி, பாரேன்" என்று அவளும் அழுதுவிட்டாள். பார்த்தேன். வில்லாக வளைந்த முழு உதடு. எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

சற்று நேரத்தில் அத்தை வந்தாள். வார்டு முழுக்க ஆட்கள், யாரையும் பார்க்கவில்லை. என்னை எப்படியிருக்கிறாய் என்று கேட்கவில்லை. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதையும் கேட்கவில்லை. நேராக வந்து பிள்ளையின் மேல் குனிந்தாள். ஆள்காட்டி விரலால் அதன் மேலுதட்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடவினாள். பிறகு அதே விரலை வாய்க்குள் மெதுவாக விட்டு மேலண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளை அந்த விரலைச் சப்பியது. அத்தை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ நீங்களுமா அத்த?" என்றேன்.

"கத்திய ஒங்கையில குடுத்த நிமிசத்துலேர்ந்துடி."

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!" எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. "இத்தினி மாசம் நான் ஒண்டியா செத்துகினு இருந்தேனே!"

"நானும் பயந்தது தெரிஞ்சா நீ தாங்குவியா?"

முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். அதற்கப்புறம்தான் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்:

"இன்னா கொழந்த? ஆணா, பொண்ணா?"